இடமும் ஏடும்: ஆக்சுபோர்டு போட்லி நூலக வரலாறு உணர்த்துவது

முன்னுரை

நூலகம் என்றதும் நூலும் அதனைக் கற்பாருமே நம் நினைவிற்கு வருதல் இயல்பு. அந்நூல்கள் இருத்தற்குரிய இடத்தைப் பற்றி எண்ணுவார் சிலரே. எனினும், பழமை வாய்ந்த பெரிய நூலகங்களின் வரலாற்றைக் கற்குங்கால், அவற்றைக் காத்து நின்றோரை ஓயாது வருத்திய கவலை இடம் பற்றியதே என்பது தெளிவாகும். நூல்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. அவற்றைத் தாங்கும் சுவர்களோ அவ்வாறு பெருகுவதில்லை. சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராக விளங்கிய இரங்கநாதன் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் இறுதி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என்பதாகும். 1944-இல் பிரிமாண்டு ரைடர் என்னும் அமெரிக்க நூலகர், தம் நாட்டு ஆராய்ச்சி நூலகங்கள் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை இருமடங்காகப் பெருகுகின்றன எனக் கணக்கிட்டுக் காட்டினார். இவ்வளர்ச்சிக்கு ஈடுகொடுப்பது எங்ஙனம் என்பதே உலகப் பல்கலைக் கழகங்கள் அனைத்திற்கும் பொதுவான வினாவாகும்.

இடம் போதாதபொழுது நூலகர் முன் நிற்கும் வழிகள் மூன்று. கட்டடத்தை விரித்தல் ஒன்று; நூல்களுள் ஒரு பகுதியை வேறிடத்திற்கு அனுப்புதல் மற்றொன்று; வேண்டாதன எனத் தோன்றுவனவற்றைக் களைதல் மூன்றாவது. முதல் வழிக்குப் பொருள் வேண்டும். இரண்டாம் வழிக்கு உழைப்பும் ஒழுங்கும் வேண்டும். மூன்றாவது வழியே எளியது போலத் தோன்றும். ஆயின், அதற்கு வேண்டுவது பின்வரும் நூற்றாண்டுகளின் தேவையை இன்றே அறிந்து கூறும் அறிவாகும். அத்தகைய அறிவு ஒரு தனி மனிதர்க்கோ ஒரு காலத்திற்கோ வாய்ப்பதன்று என்பதனை ஆக்சுபோர்டுப் பல்கலைக் கழகத்தின் போட்லி நூலக வரலாறு நன்கு காட்டுகின்றது. அவ்வரலாற்றில் ஓர் ஆங்கில நூலும் ஒரு தமிழ் நூலும் எய்திய நிலைகளை ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறுமையான மண்டபம்

ஆக்சுபோர்டுப் பல்கலைக் கழகத்திற்குப் போட்லியின் காலத்திற்கு முன்பே ஒரு நூலகம் இருந்தது. இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் என்றியின் இளவலாகிய கிளாசுடர்க் கோமகன் ஹம்ப்ரி, பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் 281-க்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளைப் பல்கலைக் கழகத்திற்கு அளித்தார். அச்சுக்கலை இங்கிலாந்திற்கு வருமுன் இஃது ஒரு பெருஞ்செல்வமாகும். இச்சுவடிகளை வைப்பதற்கு இருந்த இடம் போதாமையால், சமய நூல் பயிலும் மண்டபத்தின் மேல்மாடியில் ஒரு புதிய அறை எழுப்பப்பட்டது. அது 1488-இல் திறக்கப்பெற்றது. சிறப்புத் தொகுப்பு ஒன்று வந்து சேர்ந்தமையால் இடம் தேட நேர்ந்த முதல் நிகழ்ச்சி இதுவே எனலாம்.

அவ்வறை நெடுநாள் நூல்களோடு விளங்கவில்லை. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், பழைய சமய வழக்கங்களைச் சார்ந்த நூல்களை அகற்றுமாறு சட்டம் பிறந்தது. 1550-இல் ரிச்சர்டு காக்சு என்பாரின் தலைமையில் வந்தோர் அந்நூலகத்தை வெறுமையாக்கினர். நூல்கள் சென்றபின் அவற்றைத் தாங்கிய மேசைகளுக்கும் பயன் இல்லையாயிற்று; 1556-இல் பல்கலைக் கழகம் அவற்றையும் விற்றுவிட்டது. இங்கு நூல்களை வெளியேற்றியது இடக்குறை அன்று. ஒரு காலத்தின் கருத்தே ஆகும். எனினும், 'இவை இனி எவர்க்கும் வேண்டா' என ஒரு தலைமுறை உறுதியாக நம்பியதனை அடுத்த தலைமுறையே மறுத்துவிட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அவ்வாறு மறுத்தவர் தாமசு போட்லி ஆவார். 1545-இல் பிறந்த அவர், ஆக்சுபோர்டில் பயின்று அங்கேயே ஆசிரியராய் இருந்து, பின்னர் எலிசபெத்து அரசியின் தூதுவராக நெதர்லாந்தில் பணியாற்றினார். அரசுப் பணியினின்றும் விலகியபின், 1598-இல் பாழ்பட்டுக் கிடந்த அந்நூலகத்தைத் தம் பொருட்செலவில் மீண்டும் நிறுவ முன்வந்தார். 1602-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. தாமசு ஜேம்சு என்பார் முதல் நூலகரானார். 1605-இல் அந்நூலகத்தின் நூற்பட்டியல் அச்சில் வெளிவந்தது. நூல்களைத் திரட்டுவதோடு அமையாது அவற்றின் பட்டியலையும் உடனே வெளியிட்டமை போட்லியின் தொலைநோக்கிற்குச் சான்றாகும்.

ஒப்பந்தமும் அதன் விளைவும்

1610-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் போட்லி இலண்டன் அச்சக வணிகர் குழுவினரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அக்குழுவினர் அச்சிடும் ஒவ்வொரு புதிய நூலிலும் ஒரு படி போட்லி நூலகத்திற்கு விலையின்றி வந்து சேரவேண்டும் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் சட்டமாக மலர்ந்த படிக்கொடை முறைக்கு இங்கிலாந்தில் இதுவே தோற்றுவாயாகும். வருவாயின்றி நூல் சேர்வதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை. ஆனால் வந்த நூல்களுக்கெல்லாம் இடமும் தரவேண்டும் என்னும் பொறுப்பும் அதனுடனேயே பிறந்தது.

போட்லி இதனை உணராதவர் அல்லர். ஒப்பந்தம் ஏற்பட்ட காலத்திலேயே பழைய அறையின் கிழக்கில் ஒரு புதிய பகுதியைக் கட்டத் தொடங்கினார். 1612-இல் அது நிறைவுற்றது. அங்கு நூல்கள் சுவரை ஒட்டிய உயரமான அடுக்குகளில் வைக்கப்பட்டன. பெரிய அளவின கீழ்த்தட்டுகளில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டன. சிறியன, பணியாளரே எடுத்துத் தரத்தக்கவாறு மேலே இருந்தன. நூலை அதன் பொருள்கொண்டு வகுப்பதோடு அளவுகொண்டும் பிரித்தால் இடம் மிச்சமாகும் என்னும் உண்மையை இவ்வமைப்பிற் காண்கின்றோம். நான்கு நூற்றாண்டுகள் கழித்து வேறு வடிவில் அதுவே மீண்டும் கையாளப்பட்டதனைப் பின்னர்க் காண்போம்.

1613-இன் தொடக்கத்தில் போட்லி மறைந்தார். நூலகத்தை அடுத்துப் பல்கலைக் கழகம் அப்போது எழுப்பவிருந்த பாடசாலை நாற்சதுரக் கட்டடத்தின்மேல் மூன்றாம் மாடி ஒன்றைக் கட்டுதற்குத் தம் இறுதி முறியில் அவர் பொருள் ஒதுக்கியிருந்தார். இனி வரும் நூல்களை வைத்தற்கென்றே அம்மாடி கருதப்பட்டது. கையில் இல்லாத நூல்களுக்கும் முன்கூட்டியே இடம் தேடிவைத்த செயல் இது. நூலகத்திற்கு நன்கொடை அளிப்போர் நூல்களை அளிப்பர்; பேழைகளையும் அளிப்பர்; வெற்றிடத்தை அளித்தோர் மிகச் சிலரே.

இவ்வேற்பாடுகளும் நெடுங்காலம் போதவில்லை. 1634-இல் மேற்கே மற்றொரு பகுதி தொடங்கப்பெற்று 1640-அளவில் முடிவுற்றது. இலாடு என்னும் பேராயர் 1635 முதல் 1640 வரையில் அளித்த சுவடிகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. சட்ட அறிஞர் ஜான் செல்டனின் நூல்கள் ஏறத்தாழ 8,000 அளவில் 1659-இல் வந்து சேர்ந்தன. அப்பகுதி இன்றும் செல்டன் பெயரால் வழங்குகின்றது. ஒவ்வொரு சிறப்புத் தொகுப்பும் நூலகத்தின் புகழைப் பெருக்கியது. அதனோடு ஒருங்கே அதன் சுவரையும் நெருக்கியது.

போட்லி விலக்கிய நூல்கள்

இத்துணைத் தொலைநோக்குடைய போட்லியும் ஓரிடத்தில் தவறினார். அச்சக வணிகரிடமிருந்து வருவன அனைத்தும் நூலகத்தில் இடம்பெறத் தகுதியுடையன அல்ல என்பது அவர் கொள்கை. நாடக நூல்கள், பஞ்சாங்கங்கள், அரசு அறிவிப்புத் தாள்கள் ஆகியவற்றைச் சேர்த்தல் வேண்டா என்று தம் நூலகர்க்கு எழுதினார். இத்தகைய சில்லறை ஏடுகள் நூலகத்தின் பெருமையைக் குறைக்கும் என அவர் அஞ்சினார். ஆங்கில நாடகங்களுள் நாற்பதில் ஒன்றேனும் வைத்துக் காக்கத்தக்கதாதல் அரிது என்பது அவர்தம் மதிப்பீடு.

அவர் இங்ஙனம் எழுதிய நாளில் சேக்சுபியர் உயிரோடு இருந்தார் என்பதை நினைக்கவேண்டும். இலண்டனில் அக்கவிஞரின் நாடகங்கள் சிறு சிறு நூல்களாக மலிந்த விலைக்கு விற்கப்பட்டன. அவை மக்கள் கூடிக் களித்துக் காணும் கூத்துக்குரிய ஏடுகள் என்றே கற்றோர் கருதினர். எனவே, போட்லியின் கூற்று அறியாமையால் எழுந்ததன்று. அந்நாட் கற்றோர் பலர்க்கும் பொதுவாயிருந்த தீர்ப்பே அது. தெருக்கூத்து ஏடுகளையும் பெரிய எழுத்துக் கதைப் பாடல்களையும் ஒருகாலத்தில் நம் புலவர் எங்ஙனம் கருதினர் என்பதை எண்ணிப்பார்ப்பார்க்குப் போட்லியைக் குறைகூற மனம் எழாது.

ஆனால் விலக்கப்பட்டவை வேறு வாயில்களால் உள்ளே வந்தன. இராபர்ட்டு பர்ட்டன் என்னும் அறிஞர் 1640-இல் இறந்தபொழுது தம் நூல்களுட் பலவற்றை அந்நூலகத்திற்கு விட்டுச் சென்றார். அவற்றுள் நாடகங்களும் நகைச்சுவைத் துண்டு நூல்களும் மக்கள் விரும்பிப் படித்த சிற்றேடுகளும் மிகுதியாக இருந்தன. 1755-இல் மறைந்த இராலின்சன் என்பார், பிறர் பழந்தாள் எனக் கழித்து விற்றவற்றுள்ளிருந்தும் சுவடிகளைத் தேடி மீட்டவர்; அவருடைய ஆயிரக்கணக்கான சுவடிகளும் போட்லி நூலகத்தையே அடைந்தன. சேக்சுபியர் ஆராய்ச்சியாளராகிய எட்மண்டு மலோன் திரட்டிய பழைய நாடக நூல்கள் 1821-இல் வந்தன. விளம்பரத் தாள்களும் நுழைவுச் சீட்டுகளும் போன்றவற்றை ஓயாது தொகுத்த ஜான் ஜான்சனின் தொகுப்பு 1968-இல் வந்தது. நூலகத்தார் வாயிலில் தடுத்தவற்றைத் தனி மனிதரின் ஆர்வம் மீண்டும் கொணர்ந்து சேர்த்தது. சிறப்புத் தொகுப்பு என இன்று போற்றப்படுவனவற்றுள் ஒரு பகுதி, ஒருகாலத்தில் வேண்டாதன எனப்பட்டவையே என்பது இதனால் விளங்கும்.

விற்ற நூலை மீட்ட வரலாறு

விலக்குதலினும் கொடியது, வந்து சேர்ந்த நூலை வெளியே அனுப்புதல். அதற்கும் இந்நூலகத்தில் ஒரு பெருஞ்சான்று உண்டு.

சேக்சுபியர் இறந்து ஏழாண்டுகள் கழித்து, 1623-இல், அவருடைய நாடகங்கள் முப்பத்தாறும் ஒரே பெருநூலாக வெளிவந்தன. அவற்றுட் பாதியளவின அதற்கு முன் அச்சேறாதவை. இம்முதற்பெருந்தொகுதியின் ஒரு படி ஒப்பந்தப்படி இலண்டனிலிருந்து கட்டடம் செய்யப்படாத தாள்களாக ஆக்சுபோர்டுக்கு வந்தது. 1624-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வில்லியம் வைல்டுகூசு என்னும் கட்டுநரிடம் அது கொடுக்கப்பட்டது. தோலட்டை பெற்றுச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு நூலகத்தில் அஃது இடம்பெற்றது. 1635-இல் வெளிவந்த பட்டியலில் அது குறிக்கப்பட்டுள்ளது.

1664-இல் அந்நூலின் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் முதற் பதிப்பில் இல்லாத ஏழு நாடகங்கள் கூடுதலாக இருந்தன. புதிய பதிப்பு, நிறைவான பதிப்பு, தூய தாள் - இவையெல்லாம் இருக்க, பலர் கைபட்டுத் தேய்ந்த பழம்படி எதற்கு? இங்ஙனம் எண்ணியே மிகையான நூல்கள் என ஒதுக்கப்பட்டவற்றோடு அதனையும் ஆக்சுபோர்டு நூல் வணிகர் ஒருவர்க்கு விற்றிருத்தல் வேண்டும் எனக் கருதப்படுகின்றது. 1674-இல் வெளிவந்த பட்டியலில் முதற்பதிப்பு காணப்படவில்லை.

அந்நாளைய நோக்கில் இச்செயலிற் குற்றம் காண்பது அரிது. இடமோ குறைவு, இருப்பதோ இரண்டு படி, பின்னதோ விரிவானது. ஆனால் ஆராய்ச்சி வளர்ந்தபின் நிலைமை மாறியது. கூடுதலாக அமைந்த ஏழனுள் ஆறு சேக்சுபியர் இயற்றியன அல்ல எனத் தள்ளப்பட்டன. மூல பாடத்தை அறிதற்கு முதற்பதிப்பே தலைமையான சான்று என்பது நிலைபெற்றது. பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் காணும் தமிழ்ப் பதிப்பு முறையை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் ஒரு நூலுக்கு ஓர் ஏடு கிடைத்தது என்று அமைதி கொள்ளாது, மேலும் மேலும் பிரதிகளைத் தேடி அலைந்தது இக்காரணம் பற்றியே யன்றோ?

1905-ஆம் ஆண்டு சனவரியில் மாணவர் ஒருவர் தம் வீட்டிலிருந்த பழைய நூல் ஒன்றைப் போட்லி நூலகத்திற்குக் கொணர்ந்தார். கிழிந்த அட்டையைச் செப்பனிடுவது பற்றி அறிவுரை பெறுவதே அவர் நோக்கம். அது முதற்பெருந்தொகுதியின் ஒரு படி. நூலகப் பணியாளராகிய இசுட்ரிக்லண்டு கிப்சன் அதன் கட்டட வேலைப்பாட்டை ஆராய்ந்து, அது 1624-இல் வைல்டுகூசு கட்டிய போட்லி நூலகத்துப் படியே என உணர்ந்தார். கட்டுநர்க்கு அனுப்பப்பட்ட நூல்களின் பழைய குறிப்பு அம்முடிவிற்குத் துணைநின்றது. அதனை மீண்டும் பெற நூலகத்தார் விழைந்தபோது, அமெரிக்கச் செல்வர் ஒருவர் 3,000 பவுன் தர முன்வந்திருப்பது தெரியவந்தது. அத்தொகையைத் திரட்ட நூலகத்திற்கு வலிமை இல்லை. பொதுமக்களிடம் நன்கொடை வேண்டிப் பெற்று, 1906 மார்ச்சு இறுதியில் அந்நூல் மீட்கப்பட்டது.

இவ்வரலாற்றில் மற்றொரு நுட்பமும் உண்டு. அப்படியின் தாள்கள் ஒரேயளவாகத் தேயவில்லை. 'உரோமியோவும் சூலியத்தும்' என்னும் நாடகத்தின் தாள்களே மிகுதியும் தேய்ந்துள்ளன. பதினேழாம் நூற்றாண்டு மாணாக்கர் அந்நூலகத்தில் எதனை விரும்பிப் படித்தனர் என்பதை வேறெந்த ஆவணமும் இத்துணைத் தெளிவாக உரைக்கவில்லை. எந்தத் தேய்மானம் அதனை விற்கத் தூண்டியிருக்கலாமோ, அந்தத் தேய்மானமே இன்று வரலாற்றுச் சான்றாகின்றது. ஆகவே, ஒரு நூலின் இரண்டு படிகள் எப்போதும் ஒன்றல்ல. அச்சிட்ட சொற்கள் ஒன்றாயினும், ஒவ்வொரு படியும் தன் வாழ்நாளைத் தன்மேற் பதித்துக்கொண்டுள்ளது.

நிலத்தடியும் வெளியூரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டிலும் இந்நூலகத்தார் களைதலை விடுத்து இடம் தேடுதலையே தம் நெறியாகக் கொண்டனர். 1749-இல் தனி நூலகமாகத் திறக்கப்பெற்றிருந்த இராட்கிளிப்பு வட்டக் கட்டடம் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போட்லியின் படிப்பகமாயிற்று. நான்கு முறை தலைமை அமைச்சராய் இருந்த கிளாட்சுடன், நூல்களைக் குறைந்த இடத்தில் நெருக்கி வைக்கும் முறை குறித்து 1890-இல் ஒரு கட்டுரை எழுதினார். உருளைகள்மேல் நகரும் அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தினால், இடையே வழிக்கென வீணாகும் இடத்தை மிச்சப்படுத்தலாம் என்பது அவர்தம் கருத்தைத் தழுவிய ஏற்பாடாகும். 1912-இல் அக்கட்டடத்தை அடுத்த சதுக்கத்தின்கீழ் நிலத்தடிப் புத்தக அறை ஒன்று அமைந்தபொழுது இத்தகைய அடுக்குகள் பயன்பட்டன.

அதுவும் நிரம்பியது. 1937-இல் தெருவின் மறுபுறத்தில் புதிய போட்லி நூலகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. செலவின் பெரும்பகுதியை அமெரிக்காவின் இராக்பெல்லர் அறநிலையம் ஏற்றது. கட்டட வேலை 1940-இல் முடிந்தது. போரின் பின் 1946-இல் ஆறாம் சார்சு மன்னர் அதனைத் திறந்துவைத்தார். பதினொரு தட்டுகள்கொண்ட நூலடுக்ககம் அதன் நடுவே நின்றது; ஏறத்தாழ ஐம்பது இலட்சம் நூல்கள் அதில் அடங்கும் எனத் திட்டமிடப்பட்டது. பழைய கட்டடத்திற்கும் புதியதற்கும் இடையே தெருவின்கீழ்ச் சுரங்கம் அமைத்து, நூல்கள் தாமே நகர்ந்து செல்லும் பொறியும் வைத்தனர்.

இனிக் குறைவில்லை என்று எண்ணிய அவ்விடமும் ஒரு தலைமுறைக்குள் நெருக்கடி கண்டது. 1975-இல் ஊருக்கு வெளியே நூன்ஹம் கோர்ட்னி என்னுமிடத்தில் சேமிப்பகம் திறக்கப்பட்டது. பின்னர், செசயர் வட்டாரத்து உப்புச் சுரங்கம் ஒன்றிலும் நூல்களை வாடகைக்கு வைக்கும் நிலை ஏற்பட்டது. இறுதியில் 2010-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆக்சுபோர்டிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுவிண்டன் நகரை அடுத்து, 2 கோடியே 60 இலட்சம் பவுன் செலவில் பெரியதொரு சேமிப்பகம் எழுந்தது. அதன் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 153 மைல் வரும். அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்களும் நிலப்படங்களும் அங்குக் கொண்டுசெல்லப்பட்டன.

அங்கு நூல்கள் பொருள் வரிசைப்படி நிற்பதில்லை. அளவு ஒத்தன ஒரு பெட்டியில் இடப்பெறுகின்றன. பெட்டிக்கும் நூலுக்கும் கோட்டுக்குறியீடு உண்டு. கணிப்பொறி அவ்விரண்டையும் இணைக்கின்றது. 1986-இல் ஆர்வர்டு பல்கலைக் கழகம் தொடங்கிய புறச்சேமிப்பகம் இம்முறைக்கு முன்னோடியாகும். இடம் பெரிதும் மிச்சமாகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் இதற்கு ஒரு விலையும் உண்டு. அடுக்கின் முன் நின்று, ஒரு நூலைத் தேடப் போய் அதன் அருகிலுள்ள வேறொரு நூலைக் கண்டு மகிழும் பேறு ஆராய்வார்க்கு அங்கு இல்லை. பட்டியல் ஒன்றே நூலுக்கும் கற்பார்க்கும் இடையேயுள்ள பாலம். பட்டியலிற் பிழைபட்ட நூல், கட்டடத்திற்குள்ளேயே தொலைந்த நூலாகும்.

மிகுதியாக வழங்காத நூல்கள் வெளியூர் சென்றமையால், பழைய நகரின் நடுவே இருந்த 1940-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. அதன் உட்பகுதி மாற்றியமைக்கப்பட்டு, 2015 முதல் வெசுடன் நூலகம் என்னும் பெயரோடு சிறப்புத் தொகுப்புகளுக்கு உரியதாயிற்று. சுவடிகளும் அரிய நூல்களும் வெப்பமும் ஈரமும் அளவோடு காக்கப்படும் அறைகளில் உள்ளன. அவற்றை ஆராய்வார்க்குரிய படிப்பகமும் அங்கேயே உள்ளது. பொதுவாகக் கிடைக்கும் நூல் தொலைவிலும், வேறெங்கும் கிடையாத நூல் அண்மையிலும் இருத்தல் என்பது இவ்வேற்பாட்டின் அடிப்படையாகும்.

ஒரு தமிழ் நூல்

இனித் தமிழ் நூலின் கதையைக் காண்போம். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றீக்கு என்றீக்கசு என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களைத் தந்தவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்', 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' ஆகியவற்றைத் தமிழ் அச்சு வரலாறு பயில்வார் அறிவர். இவற்றிடையே 1580-இல் கொச்சியில் 'கொம்பெசியொனாயரு' என்னும் நூலும் அச்சிடப்பட்டது. பாவமன்னிப்புப் பெறும் முறையை விளக்குவது அது.

தமிழ் நிலத்தில் இந்நூல்களின் படிகள் எஞ்சவில்லை. 'தம்பிரான் வணக்கம்' ஆர்வர்டு பல்கலைக் கழகத்தின் அரிய நூலகத்தில் உள்ளது. 'அடியார் வரலா'ற்றின் படியை வத்திக்கான் நூலகத்தில் தனிநாயக அடிகள் கண்டு அறிவித்தார். மறைந்துபோனதாகவே எண்ணப்பட்ட 1580-ஆம் ஆண்டு நூலின் படி போட்லி நூலகத்தில் இருப்பதனை, 1982-இல் அந்நூலகத்தின் ஆய்விதழிலேயே கிரகாம் சா என்னும் அறிஞர் விரிவாக எழுதி விளக்கினார்.

இந்நூலை ஆக்சுபோர்டில் எத்துணைப் பேர் எடுத்துப் படித்திருப்பர்? அவ்வெழுத்தை அறிந்தார் அங்கு அரியர். நூல் எத்தனை முறை வழங்கப்பட்டது என்னும் கணக்கைக்கொண்டு தகுதியை அளந்தால், அதனினும் பயனற்ற நூல் அந்நூலகத்தில் இருந்திராது. ஆயினும் எவரும் அதனைக் களையவில்லை. அதன் பயனாக, பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழின் பேச்சு வழக்கை ஒட்டிய உரைநடையை ஆராய்வார்க்கும், நம் அச்செழுத்தின் தொடக்க வடிவங்களை ஆராய்வார்க்கும் ஒரு மூலச் சான்று எஞ்சியது.

இரு நூல்களையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். எல்லாரும் விரும்பிப் படித்த நூல், 'வேறு படி உண்டு' என்னும் காரணத்தால் விற்கப்பட்டது. எவரும் படிக்காத நூல் எஞ்சியது. முன்னதனை இழக்கச் செய்தது அறிஞரின் தீர்ப்பு. பின்னது தப்பியதற்கு எந்தத் தீர்ப்பும் அதன்மேற் செல்லாமையே காரணமாகும். ஆயின், எஞ்சியிருத்தல் மட்டும் போதாது என்பதும் இத்தமிழ் நூலாலேயே விளங்குகின்றது. உரியவர் கண்டு எழுதும் வரையில், இருந்தும் இல்லாத நூலாகவே அது கிடந்தது. களைதல் ஒருவகை இழப்பு. உள்ளதனை அறியாதிருத்தல் மற்றொருவகை இழப்பு. முன்னதற்கு மீட்சி அரிது. பின்னதற்கு என்றேனும் மீட்சி உண்டு.

களைதலை வலியுறுத்துவோர் கூற்று

நூலகம் எல்லையின்றி வளர்தல் இயலாது என்போரும் உளர். அவர் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். 1976-இல் பிரித்தானியப் பல்கலைக் கழக மானியக் குழுவிற்காக அட்கின்சன் என்பார் தலைமையில் அமைந்த குழு, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் நூலகம் என்னும் கருத்தை முன்வைத்தது. ஓர் அளவை எட்டியபின், புதியன புகுமளவிற்குப் பழையன கழியவேண்டும் என்பது அதன் சாரம். கட்டடத்திற்குப் பொருள் இல்லாத காலத்தில் எழுந்த இக்கருத்தை முற்றிலும் தவறென ஒதுக்குதல் ஆகாது. ஆண்டுதோறும் புதுப் பதிப்புப் பெறும் பாடநூல்களின் பத்துப் படிகளைக் காத்துவைப்பதால் வரும் பயன் சிறிதே.

ஆனால் அக்கருத்து எழுந்த சூழலையும் நோக்கவேண்டும். அந்நாட்டில் 1973 முதல் பிரித்தானிய நூலகத்தின் கடன்வழங்கு பிரிவு பாசுடன் சுபா என்னுமிடத்தில் இயங்கியது. ஒரு பல்கலைக் கழகம் கழித்த நூலை வேண்டுவார் அங்கிருந்து பெறலாம். சட்டப்படி படிக்கொடை பெறும் பெருநூலகங்களும் இருந்தன. கழிக்கும் ஒரு படிக்குப் பின்னே காக்கும் ஒரு படி வேறிடத்தில் உண்டு என்னும் உறுதியின்மேல் எழுந்தது அக்கொள்கை. அவ்வுறுதி இல்லாத நாட்டில் அக்கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் தூணை விடுத்துக் கூரையைக் கொள்வதாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மைகளைத் தொகுத்துக் கூறுவோம். இடக்குறை நூலை இடம்பெயர்க்கலாம். இல்லாமற் செய்தல் ஆகாது. வழங்கிய கணக்கைக்கொண்டு ஒரு நூலைத் தொலைவிற்கு அனுப்பலாம். அக்கணக்கைக்கொண்டே அதனைக் கழித்தல் தகாது. முதற்பதிப்பு, ஆசிரியரோ அறிஞரோ குறிப்பெழுதிய படி, வேறெந்த நூலகத்திலும் இல்லாத படி ஆகியவற்றை 'இரட்டைப் படி' என்னும் பெயரால் ஒதுக்குதல் கூடாது. நூலை வேறிடத்திற்கு அனுப்புமுன் பட்டியலைச் செம்மை செய்தல் வேண்டும். கழிக்க நேரின், எதனை, எப்பொழுது, யார்க்குக் கொடுத்தோம் என்னும் குறிப்பையேனும் காத்தல் வேண்டும். 1624-இல் கட்டுநர்க்கு அனுப்பிய நூல்களின் குறிப்பு இல்லையேல், 1905-இல் வாயிலுக்கு வந்த தம் நூலை ஆக்சுபோர்டார் உறுதியாக அடையாளம் கண்டிருத்தல் அரிது.

நம் நாட்டுப் பல்கலைக் கழக நூலகங்களுக்கும் இவை பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகளும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த திங்களிதழ்களும், நாடகக் குழுக்களின் பாட்டுப் புத்தகங்களும் மலிந்த தாளில் அச்சானவை, தொட்டால் உதிர்வன. மின்படியாக்கிவிட்டோம் என்னும் நிறைவோடு மூலத்தைக் கழிக்கும் எண்ணமும் எழக்கூடும். மின்படி சொற்களைக் காக்கும். தாளின் தேய்மானத்தையும் தையலையும் அட்டையின் வரலாற்றையும் அது முழுமையாகக் காவாது. ஒரு நூலைக் கழிக்குமாறு கையொப்பம் இடும் நிலையிலுள்ளோர், நாடகங்களை விலக்கிய போட்லியும் முதற்பதிப்பை விற்ற பின்னோரும் தம் காலத்தின் அறிவிற் சிறந்தவராகவே இருந்தனர் என்பதை ஒருமுறை நினைத்தல் நலம். கொச்சியில் 1580-இல் அச்சான தமிழ் நூலை நாம் இன்று ஆராய முடிகின்றது என்றால், அதற்குக் காரணம், தமிழறியாத நூலகர் பலர், தாம் படிக்க இயலாத ஒன்றற்கும் தலைமுறை தலைமுறையாகச் சில அங்குல இடம் விட்டுவைத்தமையே ஆகும்.